ரிமோட்டுக்கு அடங்காத வால்யூம் பாய்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க யார் யாரோ யானை, குதிரை, பீரங்கியோடு வந்ததாகச் சரித்திரப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து கிளப்பிய சத்தத்தை ஒற்றை ஆளாக, அதுவும் ஒரு சாதாரணக் காதுகுத்து விசேஷத்தில், கிளப்பிக் காட்டியவர் எங்கள் வால்யூம் பாய். இதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. எழுதினவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பாய்க்குக் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் மைக் செட் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டு மாடியில் நான் குடித்தனம். செஞ்சியில் எனக்கு வேலை கிடைத்து, பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு தேடியபோது, "பாய் வூட்டு மாடி காலியாத்தான் இருக்குது, ஆனா…" என்று ஒருவர் இழுத்தார். அந்த 'ஆனா'வை நான் அப்போதே விசாரித்திருக்க வேண்டும். பாய்க்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்பட்டு நான் பார்த்ததில்லை.

"சவுண்டுன்னா இன்னா தெரியுமா மேடம்? ராஜகிரி மலையில போயி முட்டிட்டு, திரும்பி வந்து நம்ம நெஞ்சுல உக்காரணும்" என்பார். எனக்கு மலைவரை போய்வரும் அவகாசமெல்லாம் இல்லை. கீழ்வீட்டிலிருந்து நேராகவே வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த மனிதருக்கு, சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஒரு பெரிய டிவி வாங்கி அனுப்பினான். சுவரில் மாட்டினார்கள். செய்தி வாசிக்கும் பெண் இரண்டு வரிதான் படித்திருப்பாள். பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார்.

"பாய்! புது டிவி. கழட்டினா வாரண்டி போயிடும்" என்று நான் பதறினேன்.

"போவட்டும் மேடம். ஜலதோஷம் புடிச்சவன் பேசற மாதிரி பேசுது பாருங்க. மைக் செட்டுக்காரன் வூட்டுல டிவி இப்படிப் பேசுதுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கி எவன் எனக்குக் கல்யாண ஆர்டர் குடுப்பான்?"

டிவியின் முதுகைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பீக்கர் ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். கல்யாணத்துக்குப் போகிற ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஜன்னலோர அலமாரியில் வைத்தார். ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டைக் கூடத்தின் இரண்டு மூலையிலும் நிறுத்தினார். டிவியிலிருந்து ஆம்ப்ளிக்கு ஒயர் இழுத்தார். மறுபடி செய்தி வாசித்த அந்தப் பெண் சொன்ன வானிலை அறிக்கையைக் கேட்டு, சந்துமுனை டீக்கடைக்காரர் வெளியே காய்ந்த துணியை எடுத்து உள்ளே போட்டார்.

எல்லாம் சரி, ஒன்றுதான் சரியில்லை. டிவி ரிமோட்டை அமுக்கினால் திரையில் நம்பர் மட்டும் ஏறி இறங்கும், சத்தம் அசையாது. ரிமோட் அதிகாரம் செலுத்தியது டிவியின் சொந்த ஸ்பீக்கர் மேல். அதைத்தான் பாய் வெட்டிவிட்டாரே! சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் எழுந்து அலமாரிக்குப் போய், ஆம்ப்ளியில் இருக்கும் திருகைத் திருக வேண்டும்.

திருகியவர் பாய் இல்லை, அவர் மனைவி பாயம்மா. பாய்க்கு ஊரெல்லாம் விசேஷம், சாயங்காலம் வீட்டில் இருக்க மாட்டார். பாயம்மாவுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஒரு சாயங்கால சீரியல். சீரியலில் மருமகள் ரகசியமாக அழுவாள், கேட்காது. எழுந்து போய்க் கூட்டுவார். விளம்பரம் வரும், நகைக்கடைக்காரர் கூடத்துக்குள்ளேயே நின்று கத்துவார். எழுந்து போய்க் குறைப்பார். "சீரியல் பாக்கறனா, தொழில் பாக்கறனா தெரியல கண்ணு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு, பாண்டிச்சேரியில் அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு நின்றது. கூடத்திலேயே கட்டில் போட்டுக் காலை நீட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் சொல்கிற நேரத்தில், யாராவது பிடித்துக்கொண்டு, மெல்ல நடக்கலாம். தானாக எழுந்திருக்கவே கூடாது. வீட்டுக்கு வந்த முதல் வாரமே, விளம்பரச் சத்தம் தாங்காமல் பாயம்மா தனியாக எழுந்துவிட்டார். கால் மடங்கி அலமாரியைப் பிடித்துத் தொங்கியவரை நான்தான் ஓடிப்போய்த் தாங்கினேன். தளவானூர்க் கல்யாணத்தில் இருந்த பாய், பாதி ரிசப்ஷனில் மைக்கை அப்படியே விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

"இன்னொரு தரம் வுழுந்தா திரும்பவும் கீறணும்னு டாக்டர் சொல்லிட்டாரு மேடம்" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. பிறகு பாக்ஸைப் பார்த்து விரலை நீட்டினார். "கட்டில்ல இருந்துக்கினே இவ ரிமோட்ட அமுக்கணும், இது அடங்கணும். அடக்கிக் காட்டல, கடைய மூடிட்டு மாங்கா விக்கப் போறேன்!"

"எதுக்கு பாய் இவ்வளவு கஷ்டம்? டிவில வெட்டின ஒயரைத் திரும்ப ஒட்டிடுங்களேன்" என்றேன்.

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவே இல்லை.

முதல் முயற்சி, பாவாடை நாடா. திருகில் நாடாவைச் சுற்றி, ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில்வரை கொண்டுவந்தார். இந்த முனையை இழுத்தால் கூடும், அந்த முனையை இழுத்தால் குறையும். பாயம்மா பயந்து பயந்து இழுத்தார். சத்தம் முழு அளவுக்கு ஏறியதும் திருகு நாடாவோடு பிய்த்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு விவாத நிகழ்ச்சி. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பாய் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டு, "கெடச்சிட்டுது! கெடச்சிட்டுது!" என்று கத்தினார். கிடைத்தது ஒரு கொட்டைப்பாக்கு. பின்கட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் ஓடியதைப் பிடிக்க எங்கள் சந்தே போனது.

"மெயின் சுவிட்ச அமத்தறதுதான?" என்று பாயம்மா கேட்டபோதுதான் எங்கள் யாருக்கும் அது தோன்றாதது தெரிந்தது.

இரண்டாவது முயற்சியில் பாய் சென்னைக்கே போய் ஒரு சின்ன போர்டு வாங்கிவந்து ஆம்ப்ளிக்குள் வைத்தார். டிவி ரிமோட்டின் சிக்னலை அது பிடித்துக்கொள்ளும். பாயம்மா கட்டிலில் இருந்தபடி அமுக்கினார். சத்தம் குறைந்தது! மறுபடி அமுக்கினார். கூடியது! பாய் சந்துக்கே டீ வாங்கிக் கொடுத்தார். என்னை மூன்று தடவை கீழே கூப்பிட்டுக் காட்டினார். மூன்று தடவையும் நான் புதிதாக ஆச்சரியப்பட வேண்டியிருந்தது.

இதெல்லாம் அந்த நிச்சயதார்த்தம் வரைக்கும்தான்.

பாய் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அங்கே விசேஷம் என்றால் ஆம்ப்ளியைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கமே பாய்க்கு இல்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தெருவுக்குக் குறுக்கே ஒயரை இழுத்துவிட்டு, மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கும் அப்படித்தான். வீட்டில் ஆம்ப்ளியை மைக்குக்கு மாற்றி வைத்துவிட்டு, "இன்னிக்கி படம் மட்டும் பாரு, பேச்சு கேக்காது" என்று பாயம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். பெண்ணின் அம்மா என் ஆபீஸ்காரர் என்பதால் நானும் மண்டபத்தில் இருந்தேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்து நிச்சயதார்த்தப் பத்திரிகையைப் படிக்க ஆரம்பித்தார். "பெரியோர்கள் முன்னிலையில், இருவீட்டாரும் மனமொப்பி…"

அதே நேரம் எதிர்வீட்டில் சீரியல் உச்சகட்டத்தில் இருந்திருக்கிறது. ஊமைப்படமாக எவ்வளவு நேரம் பார்ப்பார் பாயம்மா? ஒரு நப்பாசையில் ரிமோட்டில் வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார். அப்படி விடாமல் அழுத்தினால் அந்த போர்டு மைக்கை உதறிவிட்டு டிவிக்குத் தாவிவிடும் என்பது பாய்க்கே அன்றுதான் தெரியும்.

"நிறுத்துங்க! இந்த நிச்சயதார்த்தம் நடக்கவே நடக்காது!"

மண்டபத்து பாக்ஸ் எல்லாவற்றிலிருந்தும் ஒரு பெண் குரல். பெரியப்பா மைக்கைத் தன் கையிலிருந்து தூர நீட்டிப் பிடித்து அதையே பார்த்தார். பெண்ணின் அப்பா கையிலிருந்த தாம்பாளம் சரிந்து வாழைப்பழம் உருண்டது.

"யாருடி அவ? எங்க நிக்கறா?" என்று பெண் வீட்டு அத்தை எழுந்துவிட்டார்.

"இதோ நிக்கறாரே உத்தமர், இவர் ஏற்கெனவே என் கழுத்துல தாலி கட்டினவர்!"

எல்லாத் தலையும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. பாவம், அந்தப் பையன் "நான் இல்ல… நான் இல்லீங்க… நான் திருவண்ணாமலையில பிகாம்…" என்று என்னத்தையோ உளறினான். மாப்பிள்ளையின் அம்மா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். வாசலில் இருந்த பாய் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "யம்மா! அது சீரியலு! எங்க வூட்டு சீரியலு! வில்லி பேசுறா!" என்று அவர் போட்ட கூச்சலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவருடைய பாக்ஸே அமுக்கிவிட்டது. நல்லவேளையாக விளம்பரம் வந்தது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று நகைக்கடைக்காரர் கத்தியதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பையனுக்கு உயிர் வந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மைக் செட் மட்டும் வேறு ஆள்.

பாய் போர்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். பாயம்மா, "எனக்கு டிவியே வாணாங்க. கெடக்கட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. 

மூன்றாம் நாள் சாயங்காலம் சீரியல் பாட்டு கேட்டது. இறங்கிப்போய்ப் பார்த்தேன். அலமாரிப் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் பாய், திருகில் கை வைத்து, டிவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் பாயம்மா ரிமோட்டை அமுக்க அமுக்க, திரையில் நம்பர் இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியது. பாய் நம்பரைப் பார்த்துப் பார்த்து அதே அளவுக்குத் திருகைத் திருப்பினார். பாக்ஸ் அடங்கியது.

"பாத்தீங்களா மேடம்? ரிமோட்டு வேல செய்யுது!" என்றார். சிரிக்கவே இல்லை மனுஷன்.

அதற்கப்புறம் சாயங்காலக் கல்யாணங்களுக்கெல்லாம் ஆட்களை அனுப்பிவிட்டு, சீரியல் நேரத்துக்கு முக்காலிக்கு வந்துவிடுவார். நாலு நாளில் சீரியலுக்குள்ளும் விழுந்துவிட்டார். "அந்தப் பொண்ணு பேர்ல ஒரு தப்பும் இல்ல!" என்பார். "ஆமா, நீங்க கண்டீங்க!" என்பார் பாயம்மா. "ஊர்ல எல்லாரு கல்யாணத்திலயும் இந்த ஆளு இருந்தாரு கண்ணு. எங்கூட ஒரு சாயங்காலம் இப்படி உக்காந்ததில்ல" என்று ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார்.

பாயம்மா கால் தேறி, பிடிமானமில்லாமல் நடக்க ஆரம்பித்த சமயம், கேபிள்காரர் ஏதோ ரிப்பேருக்கு வந்தார். முக்காலி வைபவத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா பாய் இது கூத்து? அந்த ஒயர எடுத்து டிவில ஹெட்போன் மாட்ற ஓட்டையில சொருவு. ரிமோட்லயே கூடும், கொறையும்."

சொருகினார். அமுக்கினார். கூடியது, குறைந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பாய் முக்காலியைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, தொண்டூர் விசேஷத்துக்குப் பாக்ஸ் ஏற்றிய வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாளே முக்காலி மறுபடி கூடத்தில் இருந்தது. "அந்த ஒயர் லூஸ் ஆயிடுது மேடம். கழண்டுக்குது, பக்கத்துலயே ஆளு இருந்து சொருவிக்கினே இருக்கணும்" என்றார் பாய். அதற்கடுத்த நாளும் கழன்றதாம். தினம் கழன்றதாம், அதுவும் சீரியல் பாட்டு ஆரம்பிக்கிற சமயம் பார்த்து.

தண்ணீர் மோட்டார் போட ஒரு சாயங்காலம் இறங்கியவள், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். பாயம்மா கட்டிலிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்துபோய், டிவி பக்கத்தில் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினார். திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்துகொண்டார். அப்புறம்தான் கடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க! ரிமோட்டு வேல செய்யல!"

செருப்பைக்கூட மாட்டாமல் பாய் ஓடி வந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தொழில் பார்க்கிற மனுஷனைத் தினம் இப்படி ஏமாற்றலாமா? மறுநாள் காலையில் கடை வாசலில் நிறுத்திக் கேட்டேன். "பாய், அந்த ஒயர் தானாக் கழலுதுன்னு நெஜமாவே நம்பறீங்களா?"

பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரே கேட்கப் பேசிப் பழகிய மனிதர், கிட்டே வந்து, பக்கத்தில் இருந்த எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் என்கிற அளவுக்குக் குரலை இறக்கினார்.

"இத்தினி வருசமா ஒயர் கட்றவன் மேடம் நானு. கழண்ட ஒயர் எது, புடுங்கின ஒயர் எதுன்னு தெரியாதா? எனக்கு மொத நாளே தெரியும். அவகிட்ட சொல்லிடாதீங்க, அப்பறம் புடுங்க மாட்டா."

இன்றைக்கு எந்த ஊரில் எந்த மைக் செட் காதைக் கிழித்தாலும், எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொள்கிறது.