வெளிச்சத்துக்குப் பயந்த வெல்டர் மாமாவுக்கு

2019 நவம்பர் 12, செவ்வாய், காலை 10.20. எனக்குக் கண் சிகிச்சை முடிந்து பதினோரு நாள். இதுவரை கண்ணைக் கசக்கியது ஒரு முறைகூட இல்லை.

மரியாதைக்குரிய பந்தேலிஸ் மாமாவுக்கு, பிரேயஸிலிருந்து அக்கா மகன் ஸ்த்ராதிஸ் எழுதுவது. இங்கே அம்மா நலம். ஸீரோஸ் தீவில் நீங்கள், எவந்தியா அத்தை, மிர்ஸினி மூவரும் நலமா? மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழன் கிளினிக்கில் நீங்கள் செய்தது நியாயமா? உங்கள் பதினாறு வயது மகள் மிர்ஸினியின் கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே தள்ளுகிறது என்று டாக்டரம்மா படம் காட்டும்வரை ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள், 'புற ஊதா ஒளி' என்றதும் துள்ளி எழுந்து, "முப்பது வருஷமா கப்பல்ல வெல்டிங் பண்றேன், அந்த வெளிச்சத்த வெறுங்கண்ணால பாத்தவன் கதி எனக்குத் தெரியும், எழுந்திரு புள்ள!" என்று கத்தினீர்கள். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அவள். "பாக்கட்டும், அவங்களுக்காச்சும் கண்ணு நல்லாருக்கு!" கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்குச் செய்வதுபோல் என் கண்மேல் வெட்டி வைக்க நீங்கள் சுமந்துவந்த உருளைக்கிழங்கு மூட்டையை, அன்பளிப்பு என்று நினைத்து வரவேற்பு மேசைப் பெண் உள்ளே அனுப்பிவிட்டாள். டாக்டரம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

மாமா, கப்பல் தகட்டின் கனம் அளப்பது என் வேலை. தகடு மெலிந்து உப்பினால் என்ன செய்வீர்கள்? உள்ளே குறுக்குச் சட்டம் வைத்துப் பற்றவைப்பீர்கள். இதுவும் அதேதான், அந்த ஒளி மெலிந்த கருவிழியை உள்ளுக்குள் இறுக்கிக் கெட்டியாக்குகிறது. இதே கோளாறுக்கு எனக்கு முதலில் லேசரால் கருவிழியின் மேடுபள்ளத்தை இழைத்தார்கள், அவளுக்கு அது வேண்டாம், ஒளி மட்டும் போதும். அதற்கு முன் விடுகிற மஞ்சள் சொட்டு மருந்து ஒளியைத் தானே குடித்துக்கொண்டு, உள்ளே போகாமல் தடுக்கிறது. அதுதான் முகமூடி. ஆறு மாதத்தில் அவள் கருவிழி 460 மைக்ரானிலிருந்து 438 ஆகிவிட்டது, நானூறுக்குக் கீழே போனால் இந்தச் சிகிச்சையே கஷ்டம். எனக்கு வலிக்கவே இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மூவருக்கும் மாதா துணையிருக்கட்டும்.

பி.கு.: வலிக்கவில்லை என்றது பொய். மூன்று நாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. மிர்ஸினியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் வேண்டாம், அத்தை நேற்றே போட்டு அனுப்பிவிட்டார், பெற்றவர்களில் ஒருவர் போட்டால் போதுமாம். ஆனால் அந்தப் பெண் போனில் சொல்கிறாள்: "வலிச்சா வலிக்கட்டும் அத்தான். அப்பா வாசல்லயாவது உக்காந்திருக்கணும். இல்லன்னா நான் படுக்க மாட்டேன்."

ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை அவளைச் சிகிச்சைக்கு ஏற்றிவரும் ஸீரோஸ் கப்பல் வரும்போது துறைமுகத்தில் நிற்பேன்.
2. அத்தையும் அவளும் மட்டும் இறங்கினால், அடுத்த கப்பலுக்கும் நிற்பேன்.
3. நீங்களும் இறங்கினால், கிளினிக் போய்ச் சேரும்வரை வாயே திறக்க மாட்டேன்.