என் காலுக்குள் இரண்டு மருந்துகள் போட்ட சண்டை

கெலிஓயா,
12.08.1994

கலகெதர மச்சான் சுந்தரலிங்கம் அவர்களுக்கு, செல்லச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை புஷ்பம் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கால் விடவில்லை.

தகரம் கிழித்த என் இடது பாதத்துக்கென்று நீங்கள் பரிவோடு கொடுத்தனுப்பிய மிச்சக் குளிசைகளை, வீணாகக் கூடாதே என்று, கறுப்புச் சிவப்பைக் காலையிலும் மஞ்சளை மாலையிலும் விழுங்கினேன். மூன்றாம் நாள் நோவு குறைந்தது, நிறுத்திவிட்டேன். ஆறாம் நாள் பாதம் பலாக்காயாக வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தது. டொக்டர் யசோதாவிடம் நொண்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார்.

"என்னாங்கய்யா, ரெண்டையும் சேத்தா போட்டீங்க?"

மச்சான், நாம் இத்தனை காலமும் நிறத்தைப் பார்த்தே விழுங்கியிருக்கிறோம்! கறுப்புச் சிவப்பு பெனிசிலின் வகையாம். கிருமி வளரும்போது தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரை அது ஒழுங்காகக் கட்ட விடாது, கிருமி வெடித்துச் சாகும். மஞ்சள் டெட்ராசைக்ளின். அது கிருமியைப் புரதம் செய்ய விடாமல் வளர்ச்சியை முடக்கிவிடும். "வளந்து சுவர் கட்டுனாத்தானே மொத மருந்து வேல செய்யும்? நீங்க கட்டுற வேலையவே நிப்பாட்டிட்டீங்க!" சுவரைக் கெடுக்க ஓர் ஆளை அனுப்பிவிட்டு, இன்னொரு ஆளை விட்டுச் சுவர் கட்டும் மேசன் பாஸையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், அதுவும் என் காலுக்குள்ளே.

அடுத்த இடியையும் கேளுங்கள். பாதியில் நிறுத்தியதால் நோஞ்சான் கிருமிகள்தான் செத்தனவாம், தாக்குப்பிடித்த முரடர்கள் பெருகிவிட்டார்களாம். "இதுக்கும் அடங்கலன்னா கால் வெரல எடுக்க வேண்டி வரும்" என்றார். உடனே குனிந்து ஐந்தையும் எண்ணிப் பார்த்தேன். புதுக் குளிசை வேறு வகை, கிருமி தன்னைப் பிரதி எடுத்துப் பெருகுவதையே தடுக்குமாம். ஏழு நாள், காலை மாலை, ஒன்றுகூடத் தவறக் கூடாது.

ஆகவே மச்சான், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அலுமாரியில் சேர்த்து வைத்திருக்கும் குளிசைகளை இன்றே ஒழித்துவிடுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லாருடைய விரல்களும் எண்ணிக்கை குறையாமல் இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
செல்லச்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் பக்கத்து வீட்டு மஹ்மூத் வந்து, "அண்ணே, தொண்ட நோவு, ரெண்டு குளிசை தாங்களேன்" என்றார். முன்னைப்போல் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. என்ன வகை, எப்படி வேலை செய்யும் என்றெல்லாம் விளக்கித்தான் என் புதுக் குளிசையில் நான்கு கொடுத்தேன். இப்போது எனக்கு நான்கு குறைகிறது. உங்களிடம் இருப்பதில் நான்கை உடனே அனுப்பி வைக்கவும்.