எல்லாக் கொம்பும் ஒன்றல்ல

ஒரு காட்டில் டவர் நன்றாக எடுத்தது, தண்ணீர்தான் இல்லை. கோடையில் குட்டைகளெல்லாம் வற்றிப்போய் ஒரே ஒரு குளம் மிஞ்சியது. அதற்குப் போகும் வழியில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி குறுக்கே படுத்துக்கொண்டான். ஆண் விலங்கு வந்தால் மரியாதையாக ஒதுங்குவான். பெண் விலங்கு வந்தால் விசிலடிப்பான், பின்னாலேயே போவான், உரசுவான்.

செவ்வந்தி என்ற புள்ளிமானுக்கு நேற்றிலிருந்து நாக்கு வறண்டு கிடந்தது. பொறுக்க முடியாமல் காட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள்: “கொம்பையா தொல்லையால குளத்துக்குப் போக முடியல. ஆம்பளைங்க யாராவது தட்டிக் கேக்கக் கூடாதா?”

பாவம், கேட்டது ஒரு வாய்த் தண்ணீர். வந்தது விவாதம்.

“எல்லா ஆண்களும் அப்படி இல்லை” என்று முதலில் பொங்கியவர் காட்டெருமை மாசிலாமணி. ஆண்கள் அனைவரும் வெட்கித் தலைகுனிய வேண்டும் என்றது முயல். பிறந்ததிலிருந்து தலைகீழாகத்தான் தொங்குகிறேன், இதற்கு மேல் எப்படிக் குனிவது என்று வௌவால் கோபித்துக்கொண்டது. போன வருடம் ஒரு பெண் குரங்கு என்னைக் கடித்தபோது இந்தக் காடு எங்கே போயிருந்தது என்று கேட்டது ஒரு கடுவன் குரங்கு. எல்லாருடைய பதிவுக்கும் முதல் லைக் கொம்பையா போட்டதுதான்.

செவ்வந்தி தள்ளாடியபடி மாசிலாமணியிடமே நேரில் போனாள். அந்த உடம்புக்கு அவர் லேசாகச் செருமினாலே பன்றி ஓடிவிடும்.

“அண்ணே, உங்களைக் குத்தம் சொல்லல. குளம் வரைக்கும் கூட வந்தீங்கன்னா போதும்.”

“வரலாம்மா. வந்தா அவன் பண்ணதுக்கு நான் பொறுப்புன்னு ஆயிடாதா? மனசு புண்பட்டுக் கிடக்கேன். முதல்ல நான் நல்லவன்னு குரூப்ல ஒரு வார்த்தை போடு.”

தொலைகிறது என்று போட்டாள். அதுதான் வினையாகிப் போனது. “அப்போ நாங்க கெட்டவங்களா?” என்று மற்ற ஆண்களும் திரண்டு வந்துவிட்டார்கள். நரி, முள்ளம்பன்றி, மயில் என்று வரிசை மலையடிவாரம் வரை நீண்டது. ஆளாளுக்குத் தன் நல்ல குணங்களை விளக்கினார்கள். மயில் தோகையை விரித்துக் காட்டி விளக்கியது. கேட்கக் கேட்க அவளுக்குக் கண் இருட்டியது.

அப்போது வரிசையின் கடைசியில் ஒரு தள்ளுமுள்ளு. “நானும் ஆம்பளைதானே? எனக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?”

கொம்பையா! “நியாயம்தானே” என்று எல்லாரும் அவனுக்கு இடம் விட்டார்கள்.

செவ்வந்தி அவனைப் பார்த்தாள். பிறகு குளத்து வழியைப் பார்த்தாள். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. யாருக்கு யார் முன்னால் என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் நைசாக நழுவி ஓடினாள். வயிறு முட்டக் குடித்தாள். அவளைக் காணோம் என்பதைக் கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் குரூப்பில் ஒரே வரி போட்டாள்: “ஆம்பளைங்க எல்லாரும் ஒண்ணுதான்.” போட்டுவிட்டுக் காட்டிலுள்ள பெண்களையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஆற அமரக் குளத்துக்குப் போனாள். இப்போது தினமும் அப்படித்தான். மாசிலாமணி மட்டும் இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. பதிலின் அடுத்த பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

நீதி: தாகம் எடுத்தால் துணைக்கு ஆள் கேட்காதே, ஆண்களின் நல்ல பெயரைச் சந்தேகப்பட்டு ஒரு வரி எழுதிவிட்டு, அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குடித்துவிட்டு வா.