ஒன்றும் ஆகாத பன்னிரண்டு பேர்

நல்லது செய்யவே அரசாங்கம் பிறந்தது. செய்த நல்லதை எண்ணிப் பார்க்க மதிப்பீட்டு அதிகாரி பிறந்தார்.

அந்த வருடம் அவர் எண்ண வந்தது பொருத்தம் மேடத்தின் ஆய்வுக்கூடத்தை. மேடத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தன்னுடையது எது, அயலானுடையது எது என்று தெரிந்துகொள்ள உடம்பு ஒவ்வொரு செல்லிலும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அந்த அடையாளத்தை எழுதும் மரபணுக்களோடு இருபத்தாறு வருடம் மல்லுக்கட்டியவர் அவர். பொருத்தம் கொஞ்சம் இடித்தாலும், வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமலிருக்க ஒரு சிகிச்சையும் கண்டுபிடித்திருந்தார். நோயாளியின் எதிர்ப்புச் செல்களை வெளியே எடுத்து, மரியாதை பழக்கி, திரும்ப உள்ளே அனுப்புவார். பன்னிரண்டு பேருக்குச் செய்தாயிற்று. பன்னிரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பதின்மூன்றாவதாகக் காத்திருந்தவள் ஒரு தையல்காரி. கணவனின் சிறுநீரகம் தயார், தேதியும் குறித்தாயிற்று. ஆனால் மதிப்பீட்டுப் படிவம் நிரம்பாவிட்டால் மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

அதிகாரியின் மணிக்கட்டில் பச்சைப் பட்டை இருந்தது. எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் பட்டை என்று அப்போது ஊரே அதைக் கட்டிக்கொண்டு அலைந்தது. கட்டியவர்களுக்கும் சளி பிடிக்கத்தான் செய்தது. ஆனால் நம்பிக்கையோடு பிடித்தது.

"படிவத்துல பதினாலாவது கட்டம். சென்ற ஆண்டைவிட முன்னேற்றம். போன வருஷம் எத்தனை நிராகரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார்."

"இந்த வருஷம்?"

"ஒண்ணுமில்ல."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்போ முன்னேற்றம் எங்கம்மா?"

"பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாதே சார்."

"முடியாதுன்னு உட்கார்ந்துட்டா அறிவியல் எப்படி வளரும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்! போன வருஷமே ஒரு நாலு பேருக்கு ஒத்துக்காமப் போயிருந்தா, இந்த வருஷம் எவ்வளவு அழகா இருந்திருக்கும்!" உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மேடம் தன் முதல் நோயாளியைச் சாட்சிக்கு அழைத்தார். அக்கா கொடுத்த சிறுநீரகத்தோடு பேருந்து ஓட்டுகிறவர் அவர்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் ஆகலைங்க. தினம் ரெண்டு ஷிப்ட் ஓட்டுறேன்."

"அக்காவோட சிறுநீரகம் எங்கே?"

"உள்ளதாங்க இருக்கு."

'நேரில் பார்வையிட இயலவில்லை' என்று குறித்துக்கொண்டு அதிகாரி டீ குடிக்கப் போனார்.

"மேடம், என் பேரை எழுதுங்க," என்றார் டிரைவர். "போன வருஷம் எனக்கு ஒத்துக்கலைன்னு."

"குத்துக்கல்லாட்டம் இருக்கற மனுஷனை எப்படிப்பா அப்படி எழுதறது?"

"வெளியே அந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கு. நான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சு மேடம்."

இருபத்தாறு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாத கை அது. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வர, எழுதினார்: சென்ற ஆண்டு ஒன்று, இவ்வாண்டு பூஜ்யம்.

டீ குடித்துத் திரும்பிய அதிகாரியிடம் படிவத்தை நீட்டினார். "ஒண்ணு விட்டுப்போச்சு சார். இவருக்குத்தான்."

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன்! நூறு சதவீத முன்னேற்றம்மா!" அதிகாரி எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டார்.

தையல்காரிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் அவளே வந்து, "அக்கா, இந்தத் தடவை என் பேரு," என்றாள். அதற்கடுத்த வருடம் ஒரு கணக்கு வாத்தியார். நன்றாக இருப்பவர்கள் முறைவைத்துத் தோற்றார்கள். முந்தைய வருடப் படிவத்தைப் புரட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் இல்லாததால், முன்னேற்றம் தவறாமல் நூறில் நின்றது.

நாலாவது வருடம் அதிகாரி வந்தபோது மணிக்கட்டில் பட்டை இல்லை. படிவத்தையும் அவர் திறக்கவில்லை.

"என் சம்சாரத்துக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிருச்சும்மா. நான்தான் குடுக்கப்போறேன். பொருத்தம் இடிக்குதாம். உங்க சிகிச்சை..."

மேடம் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "வருஷத்துக்கு ஒருத்தர் தோத்திருக்காங்களே சார்."

"ரெக்கார்டை விடுங்கம்மா. நெஜத்தைச் சொல்லுங்க. அவளுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார்."

அதிகாரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அது போதும்மா. அது போதும்."

அப்படியே நடந்தது, அதாவது, ஒன்றும் ஆகவில்லை. மறு வருடம் அவர் படிவத்தோடு வந்தபோது, மனைவி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் யாரையோ தெம்பாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது அந்தப் பதினாலாவது கட்டத்தை எடுத்துடலாமே சார்?" என்று கேட்டார் மேடம்.

"அதுக்குப் படிவத்தையே மாத்தணும். அதெல்லாம் நடக்கிற காரியமாம்மா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். 'சென்ற ஆண்டு நிராகரிப்பு' என்ற இடத்தில் ஒன்று என்று போட்டு, பக்கத்தில், யாரும் கேட்காமலே, தன் மனைவியின் பெயரை அழகாக எழுதினார். மேடம் வழக்கம்போல் கீழே கையெழுத்துப் போட்டார்.