மகாராஜாவுக்கு ஒரு கிண்ணம் முளைப்பயறு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்குச் சர்க்கரையும் இருந்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை, ஏகத்துக்கும் இருந்தது. கொக்கு டாக்டர் ஒற்றைக்காலில் நின்றபடி ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேலும் கீழும் பார்த்தார். "மகாராஜா, காலை டிபனுக்கு முயல் சாப்பிடறதை இன்னையோட நிறுத்துங்க. முளைகட்டின பயறு சாப்பிடுங்க" என்றார்.

"அது வேகமா ஓடுமா?" என்று கேட்டது சிங்கம்.

"ஓடாதுங்க. வெச்ச இடத்துல இருக்கும்."

"அப்புறம் எதுக்குய்யா நான் சிங்கமா இருக்கேன்?"

ஆனாலும் உயிர்ப்பயம் சிங்கத்துக்கும் உண்டல்லவா? உடனே சபை கூடியது. "ராஜாவுக்குப் பயறு முளைகட்டித் தர இஷ்டம் இருக்கிறவங்க ஓரடி முன்னால வாங்க!" என்று அறிவித்தது மந்திரி நரி. அது வாயை மூடுவதற்குள் மான், பன்றி, முள்ளம்பன்றி என்று மொத்தச் சபையும் ஓரடி பின்னால் போய்விட்டது. போகாதவள் அடிவாரத்து முயல் பூங்காவனம் ஒருத்திதான். பாவம், மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் அனுப்பிய 'இனிய காலை வணக்க'த்துக்குப் பதில் போட, செல்போனில் ஒரு ரோஜாப்பூ தேடிக்கொண்டிருந்தாள். உடனே பதில் போகாவிட்டால் நாத்தனார் அடுத்த பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பூவை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே சிங்கம், பக்கத்தில் ஈ காக்காய் இல்லை.

"பலே! தானா முன்வந்த தங்கம்!" என்றது சிங்கம். "வெள்ளிக்கிழமை காலையில கிண்ணம் நிறையப் பயறு வந்துடணும். இல்லேன்னா பழைய மெனுதான்."

பழைய மெனுவை நரி உரக்கப் படித்தது. முதல் அயிட்டம், முயல். இரண்டாவது அயிட்டம், இன்னொரு முயல்.

வீட்டுக்கு வந்த பூங்காவனத்துக்கு, முயலாகப் பிறந்தும், கை கால் ஓடவில்லை. மலை உச்சியில் இருக்கும் பெரியக்கா தில்லையம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி, காது ஒன்றுக்கு ஒரு சாக்ஸ் போட்டிருந்தாள்.

"அடியே, பயறுக்குக் குளிரே ஆகாதுடி! வெந்நீர்ல ஊறவை. துணியில கட்டி, கம்பளியில சுத்தி, அடுப்போரமா வை. பச்சைப்புள்ளை மாதிரி பாத்துக்கோ."

உச்சியில் அது சரிதான். அங்கே கம்பளி இல்லாமல் வைத்த பயறு கூழாங்கல் மாதிரி அப்படியே கிடக்கும். ஆனால் அடிவாரத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அண்டாத் தண்ணீரில் டீத்தூளைப் போட்டால் டீயே வரும்.

அக்காவிடம் பேசி முடிப்பதற்குள் விஷயம் மலையைத் தாண்டிவிட்டது. நாத்தனாரிடமிருந்து போன். "உங்க அக்காகிட்ட மட்டும் கேட்டீங்களாமே அண்ணி! எங்களையெல்லாம் மனுஷியா மதிக்கத் தோணலையா?" என்று மூக்கை உறிஞ்சினாள். அவள் இருப்பது மழைச்சரிவு. அங்கே சுவரில் பாசி பிடிக்கும், அவள் புருஷன் முதுகிலும் பிடிக்கும். "ஊறவெச்சதோட சரி. அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாதீங்க. அலசவே அலசாதீங்க. பூசணம் பூத்துடும்."

பக்கத்து வேப்பமரத்துப் பொந்திலிருந்து அணில் மாசிலாமணி தலையை நீட்டினான். எல்லா போனையும் ஒட்டுக்கேட்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. "அக்கா, நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படாது. காலையிலயும் சாயங்காலமும் அலசி, தண்ணிப் பானைக்குப் பக்கத்துல நிழலா, காத்தோட்டமாத் தொங்கவிடுங்க. என் பயறைப் பாத்தா அசந்துடுவீங்க!"

அவன் சொன்னது நியாயம் என்று பூங்காவனத்துக்கும் பட்டது. ஆனால் மாசிலாமணி சொந்தமா, பந்தமா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் அக்காதானே வந்து நிற்பாள், நாத்தனார்தானே வந்து குறை சொல்வாள்? அதனால் யார் மனசும் கோணாமல் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அக்காவுக்காக வெந்நீர், கம்பளி, அடுப்போரம். நாத்தனாருக்காக அலசவே இல்லை. மூட்டையைப் படம் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினாள். இரண்டு பேரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பூங்காவனம் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கம்பளியைப் பிரித்தாள். அவ்வளவுதான், வாசல் மரத்துக் காக்காய் மயங்கித் தொப்பென்று கீழே விழுந்தது. குப்பைமேட்டிலேயே பிறந்து வளர்ந்த காக்காய் அது. பயறு கொழகொழவென்று நூல் விட்டது.

"ஐயோ, போச்சே! என் தலையில நானே மசாலா தடவிக்கிட்டேனே!" என்று அழுதுகொண்டே வேப்பமரத்தடிக்கு ஓடினாள். அங்கே மாசிலாமணியின் துணிமூட்டையில் வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப்பார்த்துச் சிரித்தது.

"தம்பி, ஒரே ஒரு கிண்ணம் குடுடா. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன், உயிர்ப் பிச்சை போடு!"

"குடுக்கலாம்க்கா" என்று மாசிலாமணி மீசையை நீவினான். "ஆனா இவ்வளவு ஜோரா முளைச்சதை உங்க பேருல குடுக்க மனசு வரலையே. நானே ராஜாகிட்ட கொண்டு போறேன். நமக்கும் ஒரு பேரு கிடைக்கட்டுமே!"

திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நரி வந்து நின்றது. வெறுங்கையோடு போகப் பயந்து, நாறிய பயற்றையே கிண்ணத்தில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சபையில் மாசிலாமணி முந்திக்கொண்டான். சிங்கம் ஒரு வாய் போட்டது. கறுக், முறுக். "அடடா! எலும்பு கடிக்கிற மாதிரியே இருக்கேப்பா!" என்று கிண்ணத்தை நக்கியது. பிறகு பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு தன் மூடியைத் திறந்தாள். சிங்கத்துக்குப் பிடரி குத்திட்டு நின்றது. நரி சிம்மாசனத்தின் மேலேறிக்கொண்டது. கொக்கு டாக்டர் இரண்டாவது காலையும் கீழே ஊன்றினார்.

"என்னடி இது?"

பயத்தில் பூங்காவனத்துக்கு, சமைத்தது கெட்டுப்போனால் விருந்தாளியிடம் வழக்கமாகச் சொல்லும் பொய்தான் வாயில் வந்தது. "லேசா வாசனை வரும் மகாராஜா. உடம்புக்கு நல்லதுங்க. எங்க வீட்டுல தினம் இதைத்தான் சாப்பிடறோம்."

"தினமுமா? எல்லா முயலுமா?"

"சின்னது பெருசு எல்லாந்தாங்க."

இதுவரை தின்ற முயல்கள் அத்தனையும் சிங்கத்தின் கண்முன் வரிசையாக வந்து போயின. அது வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "டாக்டர்! எனக்குச் சர்க்கரை வந்ததே இதனாலதானோ?"

சிங்கம் இப்படிக் கேட்டால் எந்த டாக்டர் இல்லை என்பார்? "இருக்கும்ங்க" என்றார்.

"யோவ் நரி! மெனுவுல முயலைக் கோடு போட்டு அடிய்யா! ஒண்ணு விடாம அடி!"

பூங்காவனம் நாலு கால் பாய்ச்சலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சிரிப்பாணி தாங்காமல் புல்லில் உருண்டாள். அக்காவுக்கும் நாத்தனாருக்கும் தனித்தனியே போன் போட்டு, "நீங்க சொன்னபடி செஞ்சதாலதான் பிழைச்சேன்" என்று நன்றி சொன்னாள். இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

மாசிலாமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'அரண்மனை முளைப்பயறு அதிகாரி' என்று பட்டம் கொடுத்தார்கள். முதலில் ராஜாவுக்கு மட்டும் என்றார்கள். அப்புறம் ராணிக்கு, மச்சானுக்கு, மந்திரிக்கு. யானைக்கூட்டத்துக்கும் கொழுப்பு இருக்கிறதென்று டாக்டர் சொன்ன பிறகு, மூட்டை மூட்டையாய் வந்து இறங்கியது பயறு. ஊறவைத்து, அலசி, தொங்கவிட்டு, மறுபடி அலசி, அவனுக்கு விரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிற்று. முதுகு வலி தாங்காமல் ஒருநாள் லீவு கேட்டான்.

"தாராளமா எடுத்துக்கோடா கண்ணு" என்றது சிங்கம். "அன்னைக்கு டிபனுக்கு நீ வந்தாப் போதும்."

நீதி: பெரிய இடத்து வேலை தலையில் விழுந்தால், முதல் நாளே நன்றாகச் சொதப்பிவிட வேண்டும். ஒழுங்காகச் செய்தவரை அந்த வேலை லேசில் விடாது.