வெளுத்து வாங்கிய மீன்கள்

ஒரு காட்டில் சிங்கம்தான் ராஜா. சிங்கம் இல்லாமல் எருமையா ராஜாவாக இருக்கும் என்று கேட்காதீர்கள். இவர் வேலை பார்த்த லட்சணத்துக்கு எருமையே தேவலை. இவருடைய அலுவலக வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் சிக்லிட் என்கிற வண்ண மீன்கள் ஆறு. வாங்கிய அன்று மயில்கழுத்து நிறத்தில் மின்னியவை, ஒரே மாதத்தில் சிமெண்டு மூட்டை நிறத்துக்கு வந்துவிட்டன.

பக்கத்துக் காட்டுப் புலி ராஜா பொங்கலுக்கு விருந்தாளியாக வருவதாக இருந்தது. சிங்கத்துக்கு மானப் பிரச்சினை. “அதற்குள் மீன்களுக்கு நிறம் வரவேண்டும். வராத மீனைக் கழித்துக் கட்டுங்கள்” என்று உத்தரவு போட்டார். நிறம் வரவழைக்க ஓர் அதிகாரி வேண்டுமே? மீனைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யார் என்று தேடிப்பிடித்து, கொக்கு கோதண்டத்தை நியமித்தார்கள். அறிவுக் கொழுந்துகள்!

கோதண்டம் தொட்டியில் கறுப்பு மணல் போட்டார். நீல விளக்கு மாட்டினார். பாசி உருண்டையும் இறால் தூளும் வேளாவேளைக்குப் போட்டார். எல்லாம் சரியான வைத்தியம்தான். அப்புறம் நிறம் ஏறுகிறதா என்று பார்க்க, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கண்ணாடியில் அலகை ஒட்டிக்கொண்டு நின்றார். கடமைக்காக மனுஷன் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று அலுவலகமே மெச்சியது. மீனுக்கு எங்கே நிறம் ஏறும்? இருந்த கொஞ்சமும் போனது.

ஒருநாள் கோதண்டம் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு போட்டார். மத்தியானத்துக்குள் தொட்டியே மாறிவிட்டது. தரை துடைக்கும் தவளை செங்கமலம், தான் நீலமேகம் என்று பெயர் வைத்திருந்த பெரிய மீனைப் பார்த்து வாளியைக் கீழே போட்டாள்.

“அடேயப்பா! இத்தனை நாளா இதை எங்கேடா வச்சிருந்தே?”

“அந்த ஆளு மூஞ்சியப் பார்த்தாலே எல்லாம் வெளுத்துப் போயிடுதுக்கா. நாளைக்கு வந்துடுவாரே. பொங்கலன்னிக்கு எங்களக் கழிச்சுக் கட்டிடுவாங்க. ஏதாவது பண்ணுக்கா.”

செங்கமலம் ராஜாவுக்கு மனு எழுதினாள். கொக்கு நின்றால் மீன் வெளுக்கிறது, கொக்கு போனால் நிறம் வருகிறது, ஆகவே கொக்கை வேறு சீட்டுக்கு மாற்றவும். மனு வாங்கும் குரங்கு மேலோட்டமாகப் பார்த்தது. “மீன் நிறம் சம்பந்தமா? அப்போ நிற அதிகாரிக்குத்தான் போகணும்” என்று கோதண்டத்தின் மேசையில் வைத்தது. போச்சுடா!

கோதண்டம் கோபப்படவில்லை. ராஜாவுக்கு ஒரே வரியில் அறிக்கை அனுப்பினார்: “மீன்கள் எல்லாம் வெளுத்து வாங்குகின்றன.”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பலே!” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தடி தள்ளி இருந்த தொட்டியை எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் ராஜாவுக்கு ஏது நேரம்?

பொங்கலன்று புலி வந்தார். தொட்டியைப் பார்த்து, “என்னய்யா, சாம்பலைக் கரைச்சு விட்டிருக்கீங்களா?” என்றார்.

சிங்கம் கர்ஜித்தது. “கோதண்டம்! வெளுத்து வாங்குதுன்னு எழுதினீரே!”

“ஆமாம் ராஜா. வெளுத்திருக்கா இல்லையா, நீங்களே பாருங்க. கீழே பலேன்னு உங்க கையெழுத்துகூட இருக்கே.”

ராஜா கையெழுத்தைப் பார்த்தார். ராஜாவின் கையெழுத்து தப்பாகுமா? மீன்தான் தப்பு. “கழித்துக் கட்டும்” என்றார். அதுவும் நிற அதிகாரியின் வேலைதான்.

மீன்களைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட, கோதண்டம் மேசைப் பக்கம் திரும்பினார். அவர் முதுகு காட்டிய அந்த அரை நிமிஷத்தில் நீலமேகம் பளீரென்று மின்னினான். “ராஜா, இந்தப் பக்கம் பாருங்க! சீக்கிரம் பாருங்க!” என்று செங்கமலம் தொண்டை கிழியக் கத்தினாள். ராஜா புலியின் இலையில் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினார். அதற்குள் கோதண்டமும் திரும்பிவிட்டார்.

“எங்கேம்மா நிறம்?” என்றார் ராஜா.

சாயங்காலத்துக்குள் தொட்டி காலி. கோதண்டத்துக்குத் தொப்பையும் வந்தது, பதவி உயர்வும் வந்தது. அடுத்த வாரம் புதிதாக ஆறு மீன்கள் வந்து இறங்கின. இந்தத் தடவை செங்கமலம் எதற்கும் பெயர் வைக்கவில்லை.

நீதி: மேலிடத்துக்குப் பொய் எழுதாதே, பாவம். உண்மையையே இரண்டு அர்த்தம் வருகிற மாதிரி எழுது, வயிறு நிறையும்.