ஏழு தோப்பைத் தின்ற கோழி

மாமனாரிடம் எனக்கு மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது பயம். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நாக்கு உலர்ந்துவிடும். (அவர் என்னை ஒருமுறைகூடத் திட்டியதில்லை. அதுதான் பயமே!)

கல்யாணமாகி இரண்டாவது மாதம். அம்மா வீட்டுச் சீராக வந்த ஓவன், மாமனார் ஊரான முதலமடையில் எங்கள் சமையலறை மேடையில் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. மாமியார் தினமும் அதைத் தூசி தட்டுவார், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வருகிறவர்களை மொறுமொறு கோழியால் அசத்திவிட முடிவு செய்தேன். கோழித் துண்டுகளை முட்டையில் தோய்த்து, நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸில் புரட்டி ஓவனுக்குள் வைத்தாயிற்று. தொட்டுக்கொள்ள மாம்பழ சாஸ் வேண்டுமே?

ஸ்டோர் ரூமில் ஒரு மரப்பெட்டி. வைக்கோலுக்குள் ஏழு பழங்கள். வாசனை ஆளைத் தூக்கியது. ஒவ்வொரு தோலிலும் பேனாவால் எண் போட்டிருந்தது. யாராவது எடுத்துத் தின்றால் தெரியட்டும் என்று மாமி போட்டிருப்பார் என நினைத்தேன். (மருமகளுக்கு இல்லாத பழமா?) ஏழையும் அரிந்து, மிளகாய், வெல்லம், வினிகர் சேர்த்துக் கொதிக்கவிட்டேன்.

மாமி வந்து பெட்டியைப் பார்த்தார், கடாயைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி, சேம்பிள் பழத்தையா அரிஞ்சே?"

மாமா மாங்காய் வியாபாரி. குத்தகைக்கு எடுத்த ஏழு தோப்பிலும் தோப்புக்கு ஒரு காய் பறித்துப் பழுக்க வைத்திருக்கிறார். வெளியூர் மொத்த வியாபாரி வந்து, ஒவ்வொன்றாகத் தின்று பார்த்துத்தான் எந்தத் தோப்புக் காய் வேண்டும் என்று சொல்வார். தொழுகை முடிந்து மாமா அவரைத்தான் கூட்டிவருகிறார்!

குப்பைக்கூடையில் கைவிட்டு ஏழு தோலையும் பொறுக்கி, கழுவி, தட்டில் எண் வரிசைப்படி அடுக்கினேன். கொட்டைகளையும் எடுத்தேன். கொட்டையில் எண் இல்லை. யா அல்லா, இன்றைக்கு மட்டும் பள்ளிவாசலில் இமாமின் பயான் பேச்சு நீளட்டும் என்று வேண்டினேன். நீளவில்லை. மாமா வியாபாரியோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்தப் பழத்தைக் கொண்டா."

தோல் தட்டையும் சாஸ் கடாயையும் கொண்டுபோய் வைத்தேன். மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழுமா?"

"ஏழுந்தானுங்க மாமா."

வியாபாரி ஒரு ஸ்பூன் சாஸை வாயில் விட்டு, காரம் தலைக்கேறி இருமினார். "நல்லாத்தான் இருக்கு. இது எந்தத் தோப்பு?" என்றார். ஏழு தோப்பும் ஒரே கடாயில் கொதித்திருந்தது. நான் அழுதேவிட்டேன். மாமாவின் ஒரு வருஷ உழைப்பைக் கரண்டியால் கலக்கிவிட்டேனே!

ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று அவர் எழுந்தார். வருவாரோ, அதற்குள் வேறு ஆளிடம் பேசி முடித்துவிடுவாரோ, தெரியாது. மாமா சாப்பிட உட்கார்ந்தார். அவர் கோழியைக் கடிக்கும் மொறுமொறுச் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. சாயங்காலம் புதிதாக ஏழு காய் பறித்துவந்து வைக்கோலில் வைத்தார்.

"எடுத்த நீயே காவலிரும்மா."

பெட்டி என் கட்டிலுக்கடியில் குடியேறியது. எலிக்குப் பயந்தேன், அழுகலுக்குப் பயந்தேன், அந்த வாசனையில் என்னையே நம்ப முடியாமல் பயந்தேன். சொன்னபடி வியாபாரி வந்தார், தின்றார், ஏழு தோப்பையும் பேசி முடித்தார்.

பத்து வருஷமாகிறது. என் கோழியை "ஏழு தோப்பைத் தின்ன கோழி" என்று சொல்லித்தான் மாமி விருந்தாளிகளுக்குப் பரிமாறுகிறார். மாங்காய்க் காலத்தில் கோழி செய்யட்டுமா என்று கேட்டால் மாமா உடனே பதில் சொல்வதில்லை. முதலில் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, வைக்கோலை விலக்கி எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும்வரை எனக்கு இன்றைக்கும் மூச்சு வராது.

"ஏழு இருக்குது. இப்பச் செய்யி."